மேகநாத சாகா

கங்கையும் பிரமபுத்திரையும் கிளை கிளையாகப் பிரிந்து கடலை நோக்கி விரையும் நாடு கீழை வங்காளம். மழைக்காலத்தில் அங்கு வயலும் வழியும் நீரில் மூழ்கிக் கிடக்கும்; ஊர்விட்டு ஊர் செல்லப் படகு வேண்டும். அந்நாட்டின் தலைநகராகிய டாக்காவிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் சியோரத்தளி என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் ஜகந்நாத சாகா என்பவர் சிறு மளிகைக் கடை ஒன்று வைத்துக் குடும்பம் நடத்தி வந்தார். அவர் மனைவியார் புவனேசுவரி அம்மையார். அவர்களுக்கு மக்கள் எண்மர். அவ்வெண்மருள் ஐந்தாவதாக, 1893ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 6ஆம் நாள் பிறந்தவரே அறிஞர் மேகநாத சாகா ஆவார்.

இடியும் மழையுமாக இருந்த இரவொன்றில் பிறந்தமையால் முகிலோடு தொடர்புடைய பெயர் அவருக்கு இடப்பட்டது என்பர். மேகநாதன் என்னும் சொல்லுக்கு முகிலின் முழக்கத்தை உடையவன் என்பது பொருள். இராவணன் மைந்தனாகிய இந்திரசித்துக்கும் இப்பெயர் உண்டென்பதை இராம காதை பயின்ற மாணவர் அறிவர். பிற்காலத்தில் நாடாளுமன்றத்தில் சாகா நிகழ்த்திய சொற்போர்களை நோக்கின், அப்பெயர் அவருக்கு நன்கு பொருந்தியதென்றே கூறலாம்.

கடையில் கிடைத்த சிறு வருவாய் பெரிய குடும்பத்திற்குப் போதவில்லை. மூத்த மகன் ஜயநாதர் பள்ளியிறுதித் தேர்வில் வெற்றி பெறாமல் சணல் நிறுவனம் ஒன்றில் சிறு வேலையில் அமர்ந்தார். ஆதலின், கடைக்காரன் மகனுக்கு நிறுக்கவும் கணக்கு எழுதவும் தெரிந்தாற் போதும். மேற்படிப்பு வேண்டா என்று தந்தையார் எண்ணினார். அவ்வெண்ணத்தை நாம் குறை கூறுதல் தகாது. அடுத்த வேளைச் சோற்றுக்குக் கணக்குப் பார்க்கும் வீட்டில் பிள்ளையின் இரு கைகளும் பெருஞ்செல்வம். எனினும் ஊர்ப் பள்ளியின் ஆசிரியர்கள் சிறுவனின் கூர்மையைக் கண்டு, அவனை மேலும் படிக்க விடுமாறு தந்தையாரிடம் மன்றாடினர்.

அடுத்த பள்ளி சிமுலியா என்னும் ஊரில், ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. யான் வாழும் பனமரத்துப்பட்டியிலிருந்து சேலம் நகரம் இதனினும் தொலைவு. எனினும் இந்நாளில் எம்மூர் மாணவர்க்குப் பேருந்து உண்டு. அன்று வெள்ளம் சூழ்ந்த வங்கத்துச் சிறுவனுக்கு நாள்தோறும் சென்று மீளுதல் இயலாத செயல். தம்பியின் கல்வி நின்றுவிடுமே என்று கவன்ற ஜயநாதர் அலைந்து திரிந்து, சிமுலியாவில் வாழ்ந்த அனந்தகுமார தாசர் என்னும் மருத்துவரைக் கண்டு உதவி வேண்டினார். அவர் சிறுவனுக்கு உணவும் உறையுளும் தர இசைந்தார். உண்ட கலத்தைச் சிறுவன் தானே கழுவுதல் வேண்டும். வீட்டுப் பசுவையும் பேணுதல் வேண்டும். முதற்கட்டுப்பாடு அக்காலச் சாதி வழக்கால் வந்தது. சாகா அதனையும் உணர்ந்திருந்தார். மருத்துவரின் பேருதவியையும் இறுதிவரை மறந்தாரல்லர். பசுவுக்குப் புல்லறுத்துப் போட்டுக்கொண்டே படித்த அவர், டாக்கா மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறி உதவித்தொகை பெற்றார்.

1905ஆம் ஆண்டு டாக்கா அரசினர் கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தார். அவ்வாண்டிலேதான் கர்சன் பிரபு வங்காளத்தை இரு கூறாகப் பிரித்தார். நாடெங்கும் கிளர்ச்சி பொங்கியது. கீழை வங்க ஆளுநர் புல்லர் அப்பள்ளியைப் பார்வையிட வந்தபோது, அவர் வருகையைப் புறக்கணித்த மாணவருள் பன்னிரண்டு வயதுச் சாகாவும் ஒருவர். பயன் யாது? பள்ளியினின்றும் நீக்கப்பட்டார், உதவித்தொகையும் போயிற்று. ஊர் திரும்பிக் கடையில் அமர்வதைத் தவிர வேறு வழியில்லை என்னும் நிலையில், கிசோரிலால் ஜூபிலி பள்ளி அவரைக் கட்டணமின்றி ஏற்றுக்கொண்டது. அண்ணன் ஜயநாதர் தம் சிறு சம்பளத்தில் திங்கள்தோறும் 5 ரூபாய் அனுப்பினார். 1909ஆம் ஆண்டு நிகழ்ந்த நுழைவுத் தேர்வில் கீழை வங்க மாணவர் அனைவரினும் முதல்வராகச் சாகா தேறினார்.

இரண்டாண்டுகள் டாக்காக் கல்லூரியில் பயின்றபின், 1911ஆம் ஆண்டு கல்கத்தா மாநிலக் கல்லூரியை அடைந்தார். அங்கே வேதியியலைப் பிரபுல்ல சந்திர ரே கற்பித்தார். இயற்பியலைச் செகதீச சந்திர போசு கற்பித்தார். உடன் பயின்றவர் சத்தியேந்திரநாத போசு. ஒரே வகுப்பில் இத்தகைய ஆசிரியரும் இத்தகைய மாணவரும் கூடுதல் எந்நாட்டிலும் அரிது. 1913ஆம் ஆண்டுத் தேர்விலும் 1915ஆம் ஆண்டுத் தேர்விலும் போசு முதலிடம் பெற்றார். சாகா இரண்டாமிடம் பெற்றார்.

வகுப்பறையில் கிடைத்த மதிப்பு விடுதியில் கிடைக்கவில்லை. சாகா பிறந்த குலத்தைக் காட்டி, உணவுக்கூடத்தில் அவரோடு உடனமர்ந்து உண்ண மாணவர் சிலர் மறுத்தனர். கற்றோர் கூடிய இடத்திலும் இச்சிறுமை நிகழ்ந்ததே என்று எண்ண நம் நெஞ்சு நோகின்றது. அவருக்காக வருந்திய நண்பரும் இருந்தனர்; எனினும் பட்ட வடு ஆறவில்லை. சாதி வேற்றுமையை அவர் வாழ்நாள் முழுதும் வெறுத்ததற்கு வேர் இங்கே உள்ளது.

படிப்பு முடிந்ததும் அரசாங்க நிதித்துறைத் தேர்வெழுதி, உயர்ந்த வேலையில் அமர்ந்து, வீட்டின் வறுமையைப் போக்க விரும்பினார். விடுதலைப் புரட்சியாளரோடு பழகியவர் என்று காரணங்காட்டி அரசினர் அத்தேர்வெழுத இசைவு தரவில்லை. சாகா மிதிவண்டியில் ஏறிக் கல்கத்தா நகரத்தின் தெருக்களில் சுற்றி, வீடு வீடாகச் சென்று பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லிப் பொருளீட்டினார். அரசினர் அன்று இசைவு தந்திருப்பின், நாட்டுக்கு ஒரு கணக்கு அதிகாரி கிடைத்திருப்பார், அவ்வளவே.

முன்னர்க் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய ஆசுதோசு முகர்ஜி, புதிதாகத் தோன்றிய அறிவியற் கல்லூரிக்கு இளைஞர்களைத் தேடி எடுத்தார். 1916ஆம் ஆண்டு போசும் சாகாவும் ஆசிரியராயினர். கணிதம் பயின்றவராகிய சாகா, தாம் வகுப்பிற் கல்லாத வெப்பவியலையும் நிறமாலையியலையும் இரவிற் கற்றுப் பகலிற் கற்பித்தார். செருமானிய மொழியை முன்னரே கற்றிருந்தமையால், உலகப் போரால் ஆங்கில நூல்களில் இடம்பெறாத புதுக்கருத்துகளையும் மூலத்திலேயே படித்தறிந்தார். ஐன்சுடீனின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளை அவரும் போசும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1920ஆம் ஆண்டு பல்கலைக்கழகம் அதனை நூலாக வெளியிட்டது.

அதே 1920ஆம் ஆண்டில் சாகாவின் பெயரை உலகறியச் செய்த கண்டுபிடிப்பும் வெளிவந்தது. அதனைச் சற்று விரித்துரைப்பாம். விண்மீனின் ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியே செலுத்தினால் அது வானவில்லைப் போலப் பல நிறங்களாக விரியும். இதனை நிறமாலை என்பர். அம்மாலையின் ஊடே கருங்கோடுகள் காணப்படும். ஒவ்வொரு தனிமத்திற்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டு. கையெழுத்தைக் கண்டு ஆளை அறிதல் போலக் கோட்டைக் கண்டு தனிமத்தை அறியலாம். வானநூலார் பல்லாயிரம் விண்மீன்களின் நிறமாலைகளைப் படமெடுத்து வகைப்படுத்தினர். சில மீன்களில் ஈலியக் கோடுகள் மிகுந்திருந்தன; சிலவற்றில் ஐதரசன் கோடுகள்; வேறு சிலவற்றில் இரும்பு, கால்சியம் முதலிய உலோகங்களின் கோடுகள். விண்மீன்கள் வெவ்வேறு பொருள்களால் ஆயவையோ என்னும் ஐயம் எழுந்தது.

சாகா இவ்வையத்தைத் தீர்த்தார். காய்ந்த சட்டியில் இட்ட நெல் பொரியும்போது உமியைக் கழற்றுவது போல, கடுவெம்மையில் அணு தன் புறத்தேயுள்ள எலக்ட்ரானைக் கழற்றிவிடும். எலக்ட்ரானை இழந்த அணு காட்டும் கோடுகள் வேறு. இழவாத அணு காட்டும் கோடுகள் வேறு. அழுத்தத்திற்கும் இதிற் பங்குண்டு. துகள்கள் நெருங்கிய இடத்தில் கழன்ற எலக்ட்ரான் விரைவில் மீண்டும் ஓர் அணுவைச் சேர்ந்துவிடும். நெருக்கம் குறைந்த இடத்தில் அது தனித்தே திரியும். வெப்பம், அழுத்தம், எலக்ட்ரானைப் பிரிக்க வேண்டிய ஆற்றல் என்னும் இம்மூன்றையும் ஒரே சமன்பாட்டில் அவர் பிணைத்தார். விண்மீன்களின் வேற்றுமைக்குப் பெருங்காரணம் பொருளின் வேற்றுமையன்று, வெம்மையின் வேற்றுமையே என்பது அதனால் விளங்கிற்று. பின்னர், 1925ஆம் ஆண்டில் செசிலியா பெய்ன் என்னும் அம்மையார் அச்சமன்பாட்டைக் கருவியாகக் கொண்டு, விண்மீன்கள் பெரும்பாலும் ஐதரசனாலும் ஈலியத்தாலும் ஆயவை என்று கண்டார். விண்மீன் இயற்பியலில் சாகா சமன்பாடு இன்றும் பயிலப்படுகின்றது. அவர் பெயர் நோபல் பரிசுக்குப் பன்முறை முன்மொழியப்பட்டும் பரிசு கிட்டவில்லை.

இலண்டனிலும் பெர்லினிலும் சிலகாலம் ஆய்வு செய்து திரும்பிய சாகா, 1923 முதல் 1938 வரை அலகாபாத்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1927ஆம் ஆண்டு இலண்டன் வேத்தியற் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1935ஆம் ஆண்டு அறிவியலையும் பண்பாட்டையும் இணைத்துப் பேசும் திங்களிதழ் ஒன்றைத் தொடங்கினார்.

இனி, அவர் வாழ்வின் பிற்பகுதியை முழுவதும் ஆட்கொண்ட பொருளுக்கு வருவோம். அதுவே அணுக்கரு. அணுவின் புறத்தேயுள்ள எலக்ட்ரானைப் பற்றியதே சாகா 1920ஆம் ஆண்டிற் செய்த ஆய்வு. அணுவின் நடுவே கரு என ஒன்று உண்டு; அதன் சிறுமை வியப்புக்குரியது. பனமரத்துப்பட்டியில் சேலம் நகரத்தார்க்குக் குடிநீர் தந்த பேரேரி ஒன்று உளது. ஓர் அணுவை அத்தகைய ஏரியளவு பெரிதாக்கின், கரு அதன் நடுவே மிதக்கும் நெல்லிக்காய் அளவே இருக்கும். ஆயினும் அணுவின் எடை ஏறத்தாழ முழுவதும் அந்நெல்லிக்காயிலேயே அடங்கும். கருவினுள் நேர்மின் உடைய புரோட்டான்கள் உள்ளன என்பது முன்னரே தெரியும். 1932ஆம் ஆண்டு சாட்விக் என்னும் ஆங்கில அறிஞர், மின்னேற்றம் இல்லாத நியூட்ரானும் அணுவில் உண்டெனக் கண்டார்.

நியூட்ரான் சாகாவின் உள்ளத்தைக் கவர்ந்தது. 1936ஆம் ஆண்டு அது எவ்வாறு ஆயது என்பது பற்றி ஒரு கருத்தை வெளியிட்டார். இரு காந்த முனைகளின் சேர்க்கையாக நியூட்ரானை அவர் கருதிப் பார்த்தார். அக்கருத்து நிலைபெறவில்லை. ஆயினும் அதன்பொருட்டு அவர் செய்த கணக்கு ஒன்று காந்தத் தனிமுனை பற்றிய ஆய்வில் இன்றும் எடுத்தாளப்படுகின்றது.

அந்நாட்களில் மேலை நாடுகளில் உலாப்போந்தபோது, அமெரிக்க நாட்டுப் பெர்க்கிலி நகரத்தில் இலாரன்சு என்னும் அறிஞர் அமைத்த சைக்ளோட்ரான் என்னும் பொறியைக் கண்டார். ஊஞ்சலை ஒவ்வொரு முறை வரும்போதும் மெல்லத் தள்ளினால் அது மேன்மேலும் உயர்தல்போல, காந்தத்தால் வட்டமாகச் சுழலும் துகளை ஒவ்வோர் அரைச் சுற்றிலும் மின்விசையால் தள்ளித் தள்ளிப் பெருவேகம் பெறச் செய்வது அப்பொறி. வேகம் பெற்ற துகளைக் கருவின்மேல் மோதச் செய்தால், கருவின் உள்ளமைப்பை அறியலாம். இத்தகைய பொறி நம் நாட்டிலும் வேண்டும் என்று சாகா உறுதி பூண்டார்.

1938ஆம் ஆண்டு பாலித் பேராசிரியராகக் கல்கத்தாவுக்கு மீண்டார். தம் மாணவர் பாசந்தி துலால் நாக் சவுத்ரியை இலாரன்சிடம் பயில அனுப்பினார். யுரேனியக் கரு பிளவுறும் என்னும் செய்தி செருமனியிலிருந்து வந்தபின் காலந்தாழ்த்தாமல், 1940ஆம் ஆண்டிலேயே, அணுக்கரு இயற்பியலைப் பல்கலைக்கழக மேற்படிப்பில் ஒரு பாடமாக்கினார். கற்பிக்க நூல்கள் இல்லை, கருவிகள் இல்லை, கற்பிப்போரும் ஓரிருவரே. ஆயினும் பாடம் தொடங்கிவிட்டது.

பொறியின் வரலாறோ பெருந்துயர் வரலாறு. நேருவின் துணையால் தாதா அறக்கட்டளையினர் 60,000 ரூபாய் நல்கினர். காந்தத்திற்குரிய பெரும்பகுதிகள் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தன. காற்றை வெளியேற்றும் பம்புகள் முதலிய எஞ்சிய கருவிகளை ஏற்றிவந்த கப்பலை, உலகப் போரில் ஈடுபட்டிருந்த சப்பானியர் கடலில் மூழ்கடித்தனர். காற்றில்லா அறையின்றிச் சைக்ளோட்ரான் இயங்காது. பம்புகளை இங்கேயே செய்ய முனைந்தனர். இரும்பும் எண்ணெயும் கண்ணாடியும் ஒவ்வொன்றும் தடையாயின. மாணவரும் கம்மியரும் இரவு பகலாக உழைத்தும், பொறி விரும்பியவாறு இயங்கப் பல்லாண்டுகள் சென்றன. பொருளில்லா வீட்டில் பெருவிழா எடுத்தது போன்ற செயல் இது என்று சிலர் எள்ளினர். எள்ளல் முழுவதும் பொய்யன்று. ஆனால் அப்பம்புகளோடு போராடிய இளைஞரே பின்னர் நாட்டின் பல ஆய்வுக்கூடங்களில் தலைமை தாங்கினர் என்பதையும் உடன் வைத்து எண்ணுதல் வேண்டும்.

1948ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்ட அணுக்கரு இயற்பியற் கழகத்தை, 1950ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் ஐரீன் ஜோலியோ கியூரி அம்மையார் திறந்து வைத்தார். இவ்வம்மையார் மேரி கியூரியின் மகளார். தாமும் நோபல் பரிசு பெற்றவர்.

அணு ஆய்வை எவர் நடத்துவது, எவ்வாறு நடத்துவது என்பதில் சாகாவுக்கும் பம்பாயில் பணிபுரிந்த ஓமி பாபாவுக்கும் கருத்து வேற்றுமை இருந்தது. அரசின் ஆணையம் ஒன்றன்கீழ், மறைவாக நடத்துவதற்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. சாகா அதனை ஏற்கவில்லை. கருவைப் பற்றிய அறிவு பல்கலைக்கழகங்களில் வளர்தல் வேண்டும். மாணவர் எவரும் அதனைத் தீண்ட உரிமை வேண்டும் என்பது அவர் கொள்கை. உணவுக்கூடத்தில் ஒதுக்கப்பட்டவர் அறிவுக்கூடத்தின் கதவு மூடப்படுவதைப் பொறுப்பாரா? 1952ஆம் ஆண்டு கல்கத்தாவின் வடமேற்குத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், 1954ஆம் ஆண்டு அணு ஆற்றல் பற்றிய விவாதத்தில் இதனை விரிவாக எடுத்துரைத்தார். அவர் சொல் பல வேளைகளில் வேண்டியதினும் கடுமையாயிற்று. அதனால் நண்பரையும் இழந்தார். பாபாவின் வழியில் பெரிய அணு உலைகள் எழுந்தன. சாகாவின் வழியில் வகுப்பறைகள் எழுந்தன. நாட்டுக்கு இரண்டும் பயன்பட்டன என்பதே என் கருத்து.

அவர் செய்த பிற பணிகளைச் சுருங்கச் சொல்லலாம். தாமோதர ஆற்றின் வெள்ளத்தை அடக்க அணைகள் வேண்டுமென்று எழுதியும் பேசியும் வந்தார். 1948ஆம் ஆண்டு தாமோதரப் பள்ளத்தாக்குக் கழகம் அமைந்தது. நாடெங்கும் முப்பதுக்கு மேற்பட்ட பஞ்சாங்கங்கள் வழங்கிய குழப்பத்தை நீக்க, 1952ஆம் ஆண்டு அரசினர் அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். வாக்கியம், திருக்கணிதம் என இரு கணக்குகளுக்கிடையே திருநாள் வேறுபடக் கண்ட தமிழ் மக்களுக்கு அக்குழுவின் அருமை எளிதில் விளங்கும். அதன் பயனாக 1957ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள் முதல் இந்தியத் தேசிய நாள்காட்டி வழக்கிற்கு வந்தது. அதனைக் காண அவர் உயிரோடு இல்லை. 1956ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 16ஆம் நாள், தில்லியில் திட்டக் குழுவின் அலுவலகத்தை நோக்கி நடந்து செல்கையில், மாரடைப்பால் வழியிலேயே வீழ்ந்து உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு அகவை 62.

அவர் அமைத்த கழகம் அவர் மறைவுக்குப்பின் சாகா அணுக்கரு இயற்பியற் கழகம் என்று பெயர் பெற்றது. கல்கத்தாவின் விதான்நகர்ப் பகுதியில் அஃது இன்றும் சிறந்து விளங்குகின்றது. அங்குள்ளோர் ஆராயும் பொருள்களுள் ஒன்றை மட்டும் ஈண்டுக் கூறுவோம். அது கருவின் உள்ளமைப்பைப் பற்றியது.

நாம் உண்ணும் உப்பில் சோடியம் உண்டு. அதன் கருவில் 11 புரோட்டான்களும் 12 நியூட்ரான்களும் உள்ளன. இவ்வளவில் அது நிலையானது. அக்கருவில் நியூட்ரான்களை மேலும் மேலும் கூட்டினால் யாது நிகழும்? அத்தகைய கருக்கள் இயற்கையில் கிடைப்பதில்லை. பொறிகளால் ஆக்கப்பட்டு, ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் மாறிவிடுவன. அவ்விமைப்பொழுதில் அவற்றை ஆராய வேண்டும். கருவினுள் துகள்கள் படிப்படியாக அமர்ந்துள்ளன என்றும், 2, 8, 20, 28, 50, 82, 126 என்னும் எண்ணிக்கையில் படிகள் நிரம்பும்போது கரு மிக உறுதியாக இருக்கும் என்றும் 1949ஆம் ஆண்டு மரியா கோப்பர்ட் மேயர் அம்மையாரும் யென்சன் என்பவரும் விளக்கினர். இவ்வெண்களை மாய எண்கள் என்பர். நியூட்ரான் மிக்க கருக்களுக்கு இவ்விதி பொருந்துமா என்பதே பின்வந்த அறிஞரின் வினா.

1985ஆம் ஆண்டு ஒரு புதுமை கண்டறியப்பட்டது. இலாரன்சின் பொறியைச் சாகா கண்ட அதே பெர்க்கிலியில், தனிகாத்தா என்னும் சப்பானிய அறிஞரும் அவர் குழுவினரும் லித்தியம்-11 என்னும் கருவின் அளவை ஆராய்ந்தனர். அதில் 3 புரோட்டான்களும் 8 நியூட்ரான்களும் உள்ளன. அக்கரு எதிர்பார்த்ததினும் மிகப் பெரிதாக இருந்தது. 208 துகள்கள் கொண்ட ஈயக்கருவின் அளவை அஃது எட்டியது. காரணம், அதன் கடைசி இரு நியூட்ரான்கள் ஏனையவற்றோடு ஒட்டாமல் நெடுந்தொலைவு பரவி உலவுதலே. நிலவைச் சூழ்ந்து சிற்சில இரவுகளில் ஒரு வட்டம் தோன்றுமன்றோ? அதனை ஊர்கோள் என்றும் பரிவேடம் என்றும் நம் நூல்கள் கூறும். எம்மூர் ஏரிக்கரையில் நின்று அதனைக் காணும் உழவர், வட்டம் விலகியிருந்தால் மழை நெருங்கியது என்பர். அவ்வட்டத்தைப் போல நியூட்ரான்கள் சூழ்ந்திருத்தலால் இதனைப் பரிவேடக் கரு எனலாம். இயல்பான கருவிலிருந்து ஒரு துகளைப் பிரிக்க ஏறத்தாழ 80 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட்டு ஆற்றல் வேண்டும். லித்தியம்-11இலிருந்து அவ்விரண்டையும் ஒருங்கே பிரிக்க 4 இலட்சத்திற்கும் குறைந்த அளவே போதும். ஒரு நியூட்ரானை எடுத்துவிடின் மற்றொன்றும் தங்காது பிரிந்துவிடும். முக்காலியின் ஒரு காலை எடுத்தால் ஏனைய இரண்டும் நில்லாமை போன்றது இது.

சாகா கழகத்து அறிஞர்கள் செருமனியில் தார்ம்சுதாத்து நகரத்திலுள்ள பெரும் ஆய்வுக்கூடத்திற்குச் சென்று, பன்னாட்டு அறிஞரோடு சேர்ந்து, நியூட்ரான் மிக்க சோடியம், மக்னீசியம் ஆகியவற்றின் கருக்களை ஆராய்ந்தனர். அவர்கள் கையாண்ட முறை நுட்பமானது. பெருவேகத்தில் பறக்கும் அக்கருவை ஈயத்தகட்டின் வழியே செலுத்துவர். ஈயக்கருவில் 82 புரோட்டான்கள் இருத்தலால் அதன் மின்விசை மிகுதி. அக்கருவைத் தொடாமல் அருகே கடந்து செல்லும்போதே, அம்மின்விசையால் அதிர்ந்து, பறக்கும் கருவிலிருந்து நியூட்ரான் ஒன்று கழன்று விழும். கழன்ற நியூட்ரானையும் எஞ்சிய கருவையும் அளந்து, கழலுமுன் அந்நியூட்ரான் எப்படியில் அமர்ந்திருந்தது எனக் கணிப்பர். கரு தன் மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலையில், அதாவது கிளர்ச்சியின்றி அமைதியாக இருக்கும் நிலையில், எவ்வாறு அமைந்துள்ளது என்பது இதனால் புலப்படும்.

மக்னீசியம்-33 என்னும் கருவில் 12 புரோட்டான்களும் 21 நியூட்ரான்களும் உண்டு. மாய எண் விதிப்படி 20 நியூட்ரான்கள் கீழ்ப்படிகளை நிரப்ப, ஒன்று மட்டும் மேற்படியில் இருத்தல் வேண்டும். ஆய்வில் கண்டதோ வேறு. கீழே அமர வேண்டிய நியூட்ரான்கள் சில அமைதி நிலையிலேயே இடைவெளியைத் தாண்டி மேற்படிக்கு ஏறியிருந்தன. கருவும் உருண்டை வடிவம் திரிந்து நீண்டிருந்தது. சோடியம், மக்னீசியம் முதலியவற்றில் நியூட்ரான் மிகும்போது 20 என்னும் எண் தன் மாயத்தை இழத்தல் இவ்வாறு உறுதிப்பட்டது. ஒரு தனிமத்தின் கரு எத்துணை நியூட்ரான்களைத் தாங்கும் என்னும் எல்லையும் இவ்வமைப்பையே பொறுத்தது. 10ஆம் தனிமமாகிய நியான் வரை அவ்வெல்லையை 2019ஆம் ஆண்டில் சப்பானிய ஆய்வுக்கூடத்தார் உறுதி செய்தனர். அடுத்து நிற்பது 11ஆம் தனிமமாகிய சோடியம்.